அலுமாரிக்குள் மொன்றியல்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டின் நடு அறையில் ஒரு தேக்கு அலுமாரி நிற்கிறது. அதன் இடப்பக்க அறைக்குள் தொங்குபவை எல்லாம் குளிர்கால உடுப்புகள். முழங்கால் வரை நீளும் கறுப்புக் கம்பளிக் கோட் ஒன்று, இறகு அடைத்த ஜாக்கெட்டுகள் இரண்டு, அம்மா கனடாவுக்குப் போனபோது அணிந்த நீலக் கோட், பின்னல் தொப்பிகள், கையுறைகள், கீழே இரண்டு சோடி பனிச் சப்பாத்து. வருடம் முழுவதும் மின்விசிறி சுழலும் ஊரில் இவற்றுக்கு என்ன வேலை என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. வெள்ளவத்தைக்காரர்கள் கேட்பதில்லை. அவர்களில் பலருடைய வீட்டிலும் இப்படி ஒரு மூலை இருக்கிறது.

அக்கா குடும்பம் மொன்றியலில். டிசம்பர் விடுமுறைக்கு வரும்போது அங்கே விமான நிலையம் வரை கோட் இல்லாமல் வர முடியாது. கட்டுநாயக்கவில் இறங்கி வெளியே வந்ததும் அதைக் கையில் பிடித்திருப்பதே தண்டனை. திரும்பும்போது மிளகாய்த் தூளும் ஒடியல் மாவும் பருத்தித்துறை வடையும் பெட்டியில் இடம் பிடித்துவிடுவதால், பழைய கோட் ஒன்று இங்கேயே நின்றுவிடும். நின்றவை சும்மா தொங்குவதும் இல்லை. விசா கிடைத்து ஜனவரியில் நோர்வேக்கோ இலண்டனுக்கோ புறப்படும் அயல்வீட்டுப் பிள்ளைகள், "அன்ரி, அந்தக் கறுப்புக் கோட் இருக்கிறதா?" என்று அம்மாவிடம் வருவார்கள். போன கோட் சில மாதங்கள் கழித்து வேறு யாருடைய கையிலாவது திரும்பி வரும். அதன் பையில் ஒருமுறை ஒஸ்லோ டிராம் டிக்கெட் இருந்தது. இன்னொருமுறை இலண்டன் கடையொன்றின் பற்றுச்சீட்டு. எங்கள் குடும்பத்தில் யாரையும்விட அதிகம் ஊர் பார்த்தது அந்தக் கோட்தான்.

ஒக்டோபர் மழையின் நடுவே, அடுத்துப் புறப்படும் ஒரு பிள்ளைக்குக் கொடுப்பதற்காக அம்மா அதை வெளியே எடுத்தார். கழுத்துப்பட்டியின் உட்புறத்தில் சாம்பல் கலந்த பச்சை வட்டங்கள், ஓரங்களில் வெண்மை. விரல் பட்ட இடத்தில் தூள் பறந்தது. பூஞ்சணம். இடது கையின் மடிப்பைப் பிரித்தால் உள்ளே அரிசி நீளத்தில் பட்டுநூற் கூடுகள், அவற்றைச் சுற்றி ஊசிக்கண் போன்ற ஓட்டைகள். துணி அந்துப்பூச்சியின் வேலை. பறக்கும் பூச்சி ஒன்றும் தின்பதில்லை. அதன் புழுதான் கம்பளியிலும் முடியிலும் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைச் செரிக்கக்கூடியது. வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்ட இடத்தை அது விரும்பித் தேடும். கழுத்தும் கைமுனையும் முதலில் போவது அதனால்தான். வாங்கிப் போனவர்கள் யாரும் உலர்சலவைக்குக் கொடுத்துத் திருப்பித் தரவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கொழும்பில் பருவம் மாறுவதில்லை என்பவர்கள் தோலை வைத்துப் பேசுகிறார்கள். அலுமாரியைக் கேட்டால் வேறு கதை சொல்லும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, ரயில் பாதையைத் தாண்டிக் கடலின் உப்பைக் கொண்டுவந்து யன்னல் கம்பியில் அப்பும். உப்பு தானாகவே ஈரத்தை இழுப்பது. அது படிந்த துணி காய்ந்தாலும் பிசுபிசுக்கும். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடியோடு வரும் மழைதான் கொழும்புக்குப் பெரிய மழை. ஜனவரி, பெப்ரவரியில் காற்று மெல்ல உலர, உப்புப் போத்தலைத் தட்டாமலே உப்பு விழும், அப்பளம் மறுநாளும் நொறுங்கும். டிசம்பரில் வரும் உறவினர்கள் நிற்பது அந்த வாரங்கள் தொடங்கும்போது. அலுமாரி மிக நல்ல பிள்ளையாக நடந்துகொள்வதும் அப்போதே. அவர்கள் போன பிறகு அதன் சுயரூபத்தைப் பார்ப்பவர்கள் நாங்கள் மட்டும்.

முதலில் துப்புரவு. கோட்டை மாடி முகப்புக்குக் கொண்டுபோய், காற்று வெளியே போகும் பக்கமாக நின்று, முகக்கவசத்துடன் தூரிகையால் தேய்த்தேன். பூஞ்சணத்தை வீட்டுக்குள் தேய்த்தால் அதன் வித்துகள் திரைச்சீலையில் போய்க் குடியேறும். கறைகளை 70 வீத ஆல்கஹோலில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒற்றினேன். சாயம் போகிறதா என்று உள் தையலில் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. மழை விட்ட வெயிலில் இரண்டு பக்கமும் காயவிட்டேன்.

அந்துப்பூச்சியின் முட்டைக்கு வெயில் போதாது. அதற்கு நிச்சயமான மருந்து குளிர். அருங்காட்சியகங்களில் கம்பளிப் பொருட்களை மைனஸ் 20 பாகையில் ஒரு வாரம் வைப்பார்கள். வீட்டு உறைபெட்டி மைனஸ் 18 என்பதால் இரண்டு வாரம் வைப்பதாகத் தீர்மானித்தேன். கோட்டைத் தடித்த பொலித்தீன் பையில் இட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை நன்றாகக் கட்டினேன். பாரை மீனும் நண்டும் இடம்விட வேண்டியிருந்தது. "உயிரோடு இருக்கிறவர்களுக்குச் சாப்பாடு வைக்க இடமில்லை, கோட்டுக்கு உறைபெட்டியா?" என்றார் அம்மா. அக்காவிடம் சொன்னபோது தொலைபேசியில் சிரித்தே ஓய்ந்துபோனாள். குளிரைத் தாங்கவென்று தைத்த உடுப்புக்கு வெள்ளவத்தையில்தான் முழுக் குளிர்காலம் கிடைத்தது என்றாள். வெளியே எடுத்த பிறகு பையை உடனே திறக்கக்கூடாது. குளிர்ந்த துணியில் எங்கள் ஊர்க் காற்றுப் பட்டால் அந்தக் கணமே வியர்த்துவிடும், செய்த வேலை வீண். ஒரு இரவு மூடியபடியே வெளியில் விட்டு, துணி அறையின் சூட்டுக்கு வந்த பின் திறக்க வேண்டும்.

ஓட்டைகளை அம்மா தைத்தார். கோட்டின் கீழ்மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் உபரித் துணியிலிருந்து இழைகளை உருவி, அதே நூலால் நெடுக்கும் குறுக்கும் பின்னி அடைத்தார். எங்கே என்று தெரிந்து தேடினாலும் கண்ணுக்குச் சட்டென்று அகப்படாது.

சப்பாத்துகளில் ஒரு சோடி தேறவில்லை. தோல் நன்றாக இருந்தது. பொலியூரித்தேன் அடிப்பாகம் தொட்டதும் உதிர்ந்தது. அந்தப் பொருள் காற்றின் ஈரத்தோடு ஆண்டுக்கணக்கில் வினைபட்டுத் தானே சிதைவது, அணியாமல் வைத்திருந்தாலும். மற்றச் சோடியின் விளிம்பைச் சுற்றி அலைபோல ஒரு வெள்ளைக் கோடு. அது பூஞ்சணம் இல்லை, உப்பு. மொன்றியல் தெருக்களில் பனிக்கட்டி உருகக் கொட்டும் உப்பு, சேற்றுநீரோடு தோலில் ஏறிக் காய்ந்தது. வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து துடைத்தால் போய்விடும். இங்கே கடல் தரும் உப்பும் அங்கே மாநகரம் வாரி இறைக்கும் உப்பும் ஒரே சப்பாத்தில் ஏறியிருந்தன.

இவ்வளவும் செய்து கோட்டை மறுபடி அதே அலுமாரியில் தொங்கவிட்டால் அடுத்த ஒக்டோபரில் இதே கூத்து. ஈரப்பதமானி ஒன்றை உள்ளே வைத்துப் பார்த்தேன்: 28 பாகை வெப்பத்தில் 80 வீதத்தைத் தாண்டி நின்றது. 70 வீதத்துக்கு மேல் நிலைத்து நின்றாலே பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். அலுமாரியின் முதுகு மழையடிக்கும் வெளிச்சுவரோடு ஒட்டியிருந்தது வேறு.

இதற்கான விடை அக்காவின் வீட்டில் இருந்தது. மொன்றியலில் ஜனவரிச் சராசரி வெப்பநிலை மைனஸ் 10 பாகையை ஒட்டியது. அந்தக் குளிர்க்காற்று ஒரு கன மீற்றருக்கு ஏறக்குறைய 2.4 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதே காற்று வீட்டுக்குள் வந்து 21 பாகைக்குச் சூடானால், அங்கே தாங்கக்கூடியது 18 கிராமுக்கு மேல். நீர் கூடவில்லை, கொள்ளளவு மட்டும் கூடியது. ஈரப்பதம் 13 வீதத்துக்கு விழுந்துவிடும். சமையலும் குளியலும் மூச்சும் கொஞ்சம் ஏற்றும். ஆனாலும் உதடு வெடிக்கிறது, கதவுப்பிடியைத் தொட்டால் மின்பொறி கடிக்கிறது, மருமகளின் பலாமர வீணையில் கீறல் விழுகிறது. ஆகவே அவர்கள் காற்றுக்கு ஈரமூட்டும் இயந்திரம் ஓட்டுகிறார்கள். அதையும் அளவோடுதான் ஓட்ட வேண்டும். 30, 35 வீதத்தைத் தாண்டினால் குளிர்ந்த யன்னல் கண்ணாடியில் நீர் கோர்த்து, சட்டத்தின் மரம் கறுக்கத் தொடங்கும்.

காற்றிலிருந்து ஒரு சொட்டு நீரைக்கூட எடுக்காமல், வெறுமனே சூடாக்கியே ஒரு வீடு பாலைவனமாகிறது என்றால், எங்கள் அலுமாரிக்கும் அதே வித்தை போதும். கணக்கும் எளிது. 28 பாகையில் 80 வீத ஈரம் என்றால் கன மீற்றருக்கு ஏறக்குறைய 22 கிராம் நீராவி. 33 பாகையில் காற்றின் கொள்ளளவு ஏறக்குறைய 36 கிராம். ஐந்து பாகை ஏற்றினால் ஈரப்பதம் 61 வீதத்துக்கு இறங்கிவிடும். அந்தக் காலத்தில் கமரா வில்லைகளை வைக்கும் அலுமாரியில் ஒரு மின்குமிழ் எரியவிடுவார்களே, அதன் பின்னால் இருப்பதும் இந்தக் கணக்குத்தான்.

குமிழ் எளிது. அதன் சூட்டை உள்ளே நிறுத்துவதே வேலை. மொன்றியல் வீடுகளில் சுவருக்குள் பஞ்சுபோலக் கண்ணாடி இழை அடைப்பார்கள். பனிக்கு முன் யன்னல், கதவு இடுக்குகளில் நுரைப்பட்டி ஒட்டுவார்கள், வெளிக்குழாயின் நீரை வடித்து அடைப்பார்கள், வாகனத்துக்குக் குளிர்கால டயர் மாட்டுவார்கள். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அந்த டயர் சட்டப்படி கட்டாயம். அத்தான் இந்த வேலைகளையெல்லாம் நவம்பரின் ஒரு சனிக்கிழமையில் முடிப்பார், கையில் தேநீரோடு அக்கா மேற்பார்வை. அவர் ஒட்டி மிஞ்சிய நுரைப்பட்டிச் சுருள் ஒன்று எப்படியோ எங்கள் வீட்டு மேசை லாச்சிக்குள் வந்திருந்தது. அலுமாரிக் கதவின் விளிம்பு முழுவதும் அதை ஒட்டினேன். கதவு மூடும் சத்தமே மாறிவிட்டது.

வெப்பக் காப்புக்கு ஓர் அங்குல ரெஜிபோம் தகடு, அதாவது வெள்ளைப் பொலிஸ்டைரீன் நுரை. அதை உள்ளே ஒட்டச் சொல்லிச் சிலர் யோசனை தந்தார்கள், வேண்டாம். ரெஜிபோம் எளிதில் தீப்பிடிப்பது, சூடான குமிழுக்கு அருகே அதற்கு இடமில்லை. அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னே இழுத்து, முதுகிலும் இடப்பக்கத்திலும் வெளிப்புறமாக ஒட்டி, மேலே மெல்லிய ஒட்டுப்பலகையை அறைந்து மூடினேன். கதவிலும் ஒட்டியிருக்கலாம். ஆனால் அந்தக் கதவில்தான் அம்மாவின் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது. அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

இனிக் குமிழ். எல்.ஈ.டி. குமிழால் பயனில்லை, அது கொடுக்கும் சூடு மிகக் குறைவு. பழைய இழைக் குமிழ்களைத் தேடிப் புறக்கோட்டைக்குப் போனேன். முதலாம் குறுக்குத் தெருவில் முதலில் கேட்ட கடைக்காரர், "அது யார் ஐயா இப்போது வாங்குகிறார்கள்?" என்று சொல்லிவிட்டு, எதற்கென்று கேட்டார். கோட்டுக்கு என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. என்றாலும் உள்ளேயிருந்து தூசு படிந்த ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, அருமையான ஒரு யோசனையும் சொன்னார்: 25 வாட் குமிழ் ஒன்று வாங்காதீர்கள், 40 வாட் குமிழ் இரண்டை வாங்கித் தொடராக இணையுங்கள். ஒவ்வொன்றுக்கும் 230 வோல்ட்டில் பாதிதான் போகும். இழை மங்கிய செம்மஞ்சளாய்க் கனலும், கண்ணாடி அவ்வளவு சுடாது, இரண்டும் சேர்ந்து எடுப்பது 26 வாட் அளவே. முக்கியமானது ஆயுள். முழு அழுத்தத்தில் ஆயிரம் மணித்தியாலம் எரியும் குமிழ் பாதி அழுத்தத்தில் வருடக்கணக்கில் எரியும். வெளிச்சம் குறைவதால் துணியின் சாயமும் வெளுக்காது.

அலுமாரியின் அடித்தட்டில் பீங்கான் ஹோல்டர் இரண்டு, சுற்றிலும் கம்பிவலைக் கூண்டு, கூண்டுக்கு மேலே இடைவெளிவிட்டு அறைந்த சட்டங்களாலான ஒரு தட்டு. கோட்டின் கீழ்நுனி கூண்டிலிருந்து ஒரு அடிக்கு மேல் விலகியிருக்கும்படி தொங்குகோலை உயர்த்தினேன். சூடு தாங்கும் சிலிக்கன் உறை வயர். கூண்டு உலோகம் என்பதால் அதற்கு மண்கம்பி இணைப்பு. இவற்றோடு கே.எஸ்.டி. 301 என்ற பொத்தான் அளவுத் தெர்மோஸ்டாட் ஒன்று, 45 பாகையில் இணைப்பைத் துண்டிக்கும் வகை, குமிழுக்கு நேர் மேலே. ஏதாவது உடுப்பு நழுவி விழுந்து கூண்டை மூடினாலும் அது பார்த்துக்கொள்ளும். எல்லாம் முடித்து, எங்கள் மாடிகளுக்கு மின்வேலை செய்பவரைக் கூப்பிட்டு ஒருமுறை சோதித்த பின்புதான் பிளக்கைச் செருகினேன். மரப்பெட்டிக்குள் இரவு பகலாக எரியப்போகிற ஒன்றில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

முதல் நாள் ஈரப்பதமானி இறங்கவில்லை. ஏறியது. 80ஐத் தாண்டியிருந்தது 90ஐ நோக்கிப் போயிற்று. அம்மா எதுவும் சொல்லவில்லை, ஆனால் பார்த்தார். காரணம் கம்பளியின் குணம். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை நீரை உறிஞ்சிக்கொண்டு தொட்டால் ஈரம் தெரியாமல் இருக்கக்கூடிய துணி அது. பனிநாட்டில் அதை மெச்சுவதும் இந்தக் குணத்துக்காகத்தான். சூடு பட்டதும் பிடித்துவைத்திருந்த நீரைக் காற்றில் விடுகிறது. இரண்டு கிலோ கம்பளி 80 வீதத்துக்கு மேலிருந்து 60க்கு இறங்கும்போது ஏறக்குறைய ஒரு தேநீர்க் கோப்பை நீரைக் கக்கும். அது வெளியேற வழி வேண்டும். நுரைப்பட்டியால் நான் அடைத்ததும் அந்த வழியைத்தான்.

அடித்தட்டில் இரண்டு துளை, மேற்பலகையில் இரண்டு துளை, ஒவ்வொன்றும் பெருவிரல் நுழையும் அளவு. கரப்பான் நுழையாமல் மெல்லிய வலை. சூடான காற்று மேலே போக, கீழே புதுக்காற்று வரும். மேல் துளைக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்தால் மெல்லிய வெதுவெதுப்புத் தெரிந்தது, பழைய கம்பளியின் ஆட்டு வாடையோடு. சில நாட்களில் அந்த வாடை ஓய்ந்தது, முள்ளும் 62ஐச் சுற்றி வந்து நின்றது. பிறகு மேல் துளைகளில் ஒன்றைத் தக்கையால் அடைத்தேன். நீர் போய்விட்ட பின் சூட்டையும் அனுப்புவானேன்? மொன்றியல் வீட்டிலும் குளிர்காலத்தில் குளியலறை விசிறியை இப்படியே அளந்துதான் போடுகிறார்கள்.

நப்தலின் உருண்டை போடவில்லை. சூட்டில் அது விரைவாக ஆவியாகி அலுமாரி முழுவதும் நெடியடிக்கும், பிளாஸ்டிக் பொத்தானை இளக்கும். அதைவிட, அந்த ஆவி உடலுக்கு ஆகாது. ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடுள்ள கைக்குழந்தைகளுக்கு நப்தலின் வைத்த துணியால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைவதுண்டு. கடன் வாங்கும் கோட்டை யார் எந்தப் பிள்ளையைத் தூக்கும்போது அணிவார்கள் என்று நமக்குத் தெரியாது. வேப்பிலையை அம்மா வைத்தார். நான் எடுக்கவில்லை.

செலவுக்கு வருகிறேன். 26 வாட் மாதம் முழுவதும் எரிந்தால் 19 அலகு. எங்கள் மின்கட்டணம் அலகு கூடக்கூடப் படிப்படியாக ஏறுவது. மாதக் கடைசியில் அந்த 19 அலகு அடுத்த படியில் தூக்கிவிட்டால் கோட்டின் வாடகை திடீரென்று கூடும். ஆகவே வருடம் முழுவதும் எரிக்கும் எண்ணமில்லை. ஜனவரி, பெப்ரவரியில் அணைத்துவிட்டு, வெயில் நாளில் கதவைத் திறந்து வைத்தால் போதும். மார்ச், ஏப்ரலில் இரவில் மட்டும். மே பிறந்ததும் தொடர்ச்சியாக, டிசம்பரில் அக்கா வந்து அலுமாரியைத் திறக்கும் வரை. அங்கே வெப்பமூட்டியைப் போடும் நாளும் நிறுத்தும் நாளும் வீட்டில் சண்டைக்குரிய விடயம். இங்கே சண்டை மின்பட்டியல் வரும் நாளில்.

கறுப்புக் கோட் இப்போது ஒரு பிள்ளையுடன் ஒட்டாவாவுக்குப் போயிருக்கிறது. திருப்பித் தரும் முன் உலர்சலவைக்குக் கொடுக்கும்படி இம்முறை அம்மாவே சொல்லி அனுப்பினார்.

அலுமாரியின் வலப்பக்க அறை மிச்சம் இருக்கிறது. அம்மாவின் கூறைச் சேலையும் பழைய புகைப்பட ஆல்பங்களும் அங்கே. அதற்குக் குமிழ் வேண்டாம். ஆல்பத்தின் பசைக்கும் படத்துக்கும் நீடித்த சூடு நல்லதில்லை. இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டிகள் இரண்டும், நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் வாங்கியிருக்கிறேன். நீல நிறத்தில் நச்சான கோபால்ட் குளோரைட் கலந்திருக்கும் என்பதால் செம்மஞ்சள் வகை. அது பச்சையாக மாறினால் 120 பாகையில் ஓவனில் இரண்டு மணித்தியாலம் வைத்து மறுபடி உலர்த்தலாம். ஓவன் எங்கள் வீட்டில் இல்லை, மூன்றாம் மாடி மாமி வீட்டில் இருக்கிறது. அவருடைய மகன் மாசியில் நோர்வேக்குப் போகிறான், நீலக் கோட் சரியாக இருக்கும்.